37 வராது மிஸ்: என்ரிச் கணிதத் தளத்தோடு ஒரு வருடம்

திருப்பூருக்குப் பக்கத்தில், சோளக்காட்டை ஒட்டியே பனியன் கம்பெனிகள் வந்துவிட்ட ஒரு கிராமம் எங்களுடையது. அங்கே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். போன ஜூனில் ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது 31 பேர். அப்பா, அம்மா ரெண்டு பேருமே கம்பெனிக்குப் போகிற வீடுகள்தான் ஏறக்குறைய எல்லாம். வேலை முடிந்து அவர்கள் வீடு சேர இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். வீட்டுப்பாடத்தை எட்டிப் பார்க்க ஆள் இல்லை, டியூஷனுக்குக் கொடுக்கக் காசும் இல்லை. ஏழு பிள்ளைகள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

முதல் வாரம் நானே ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னதற்கு ஒன்பது பேர் 35 என்று எழுதியிருந்தார்கள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று, ஏழில் இரண்டு போனால் ஐந்து. எங்கே பெரிய இலக்கம் இருக்கிறதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டார்கள். கடன் வாங்கிக் கழிப்பது அவர்கள் மனதில் ஏறவே இல்லை. அதே வகுப்பில் நாலு பேர், பின்னக் கூட்டலை எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே கரும்பலகை, ஒரே முக்கால் மணி நேரம். இந்த 31 பேருக்கும் என்ன கணக்குக் கொடுப்பது? கணக்கு எடுக்கிற எந்த டீச்சருக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. எனக்குக் கைகொடுத்த ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் கைகொடுக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மனசுள்ள ஒருவர் எங்கள் பள்ளிக்கு ஒரு பயிற்சித்தாள் தொகுப்பு வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, மெதுவாகக் கற்பவர்களுக்குச் சிவப்பு, நடுவில் இருப்பவர்களுக்கு மஞ்சள், முன்னால் இருப்பவர்களுக்குப் பச்சை என்று தாள் கொடுக்க வேண்டும். அச்சு அழகு, தாளும் கெட்டி. முதல் நாள் சிவப்புத் தாள் வாங்கிய ஒரு பையன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடக் கூடாதாம். அந்த வாரம் முடிவதற்குள் மைதானத்தில் ‘டேய் செவப்பு’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்று இரவு மூன்று நிறத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்புத் தாளில் கூட்டல், கழித்தல் மட்டும் வரிசையாக நாற்பது. யோசிக்க ஒன்றுகூட இல்லை. ‘ஏன்?’ என்ற சொல்லே அந்தத் தாளில் கிடையாது. பச்சைத் தாளில்தான் புதிர், அமைப்பைக் கண்டுபிடிப்பது, வேறு வழி இருக்கிறதா என்று தேடுவது எல்லாம் இருந்தன. வீட்டில் உதவிக்கு ஆளில்லாத பிள்ளைக்குப் பள்ளியிலும் யோசிக்க வாய்ப்பில்லை என்றால் அவன் வேறு எங்கே போய் யோசிப்பான்? மூன்று வாரத்தோடு நிறுத்திவிட்டேன்.

எங்கள் பள்ளியிலேயே கீழ் வகுப்புகளில் 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று அதிலும் நிலைகள் உண்டு. ஆனால் பாட்டும் கதையும் செயல்பாடும் எல்லோருக்கும் பொதுவாக நடக்கும். அதற்குப் பிறகுதான் பயிற்சி நூலில் நிலை பிரியும். கீழ் வகுப்பு டீச்சர் அதை நடத்துவதைச் சன்னல் வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நின்று, பிறகு அவரவர் தூரம் போவது. ஆறாம் வகுப்புக் கணக்குக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடிப் போனபோதுதான் என்ரிச் கிடைத்தது.

என்ரிச் (NRICH) என்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்தும் கணித இணையத்தளம். 1996-ல் ஆரம்பித்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து நடத்தும் மில்லினியம் கணிதத் திட்டத்தின் ஒரு பகுதி. மழலை வகுப்பிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும் வரைக்கும் கணக்குகள் இருக்கின்றன. காசு கிடையாது. ஒவ்வொரு கணக்குக்கும் எவ்வளவு கடினம் என்று காட்ட ஒன்று முதல் மூன்று நட்சத்திரம். கணக்கோடு ஆசிரியருக்கான குறிப்பும் இருக்கும்: எப்படி ஆரம்பிக்கலாம், பிள்ளைகளிடம் என்ன கேட்கலாம், திணறுகிற பிள்ளைக்கு என்ன உதவி செய்யலாம், சீக்கிரம் முடித்தவரை அடுத்து எங்கே அனுப்பலாம். இந்தக் கடைசி இரண்டுக்காகவே இந்தத் தளத்தை நான் கொண்டாடுவேன். திணறுகிறவனுக்கும் முடித்தவனுக்கும் அங்கே வேறு வேறு கணக்கு இல்லை. ஒரே கணக்குக்குள்ளேயே இறங்கவும் ஏறவும் படி வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கணக்குகளுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரை என் நோட்டில் ‘தாழ்ந்த வாசல், உயர்ந்த கூரை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். யாரும் உள்ளே நுழையலாம். உள்ளே போனபின் எவ்வளவு உயரத்துக்கும் போகலாம். படிக்கிறபோது அழகாகத்தான் இருந்தது. நம்பிக்கை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில்.

அன்று எடுத்தது ‘மேக் 37’ என்ற கணக்கு. பலகையில் நாலு பை வரைந்தேன். ஒரு பை நிறைய 1, ஒன்றில் 3, ஒன்றில் 5, ஒன்றில் 7. எந்தப் பையிலிருந்தும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் மொத்தம் சரியாகப் பத்து எண் எடுக்க வேண்டும், கூட்டினால் 37 வர வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. புரியாதவர் ஒருவர்கூட இல்லை. ஒற்றை இலக்கக் கூட்டல் தெரிந்தால் போதும். அது தெரியாதவர்களுக்காக டேபிள் மேல் ஒரு டப்பா புளியங்கொட்டை வைத்திருந்தேன்.

முதல் பத்து நிமிடம் சத்தம் காதைப் பிளந்தது. ‘மிஸ், 36 வந்திருச்சு, இன்னும் ஒண்ணுதான்!’ ‘எனக்கு 38!’ அழித்து அழித்து எழுதினார்கள். சிவப்புத் தாளில் நாற்பது கூட்டலைப் பார்த்தாலே தலை வலிக்கிறது என்ற பெண், யாரும் சொல்லாமலே அன்று அதைவிட அதிகம் கூட்டியிருப்பாள். இருபது நிமிடம் ஆனது. யாருக்கும் 37 வரவில்லை. முன் பெஞ்சில் இருக்கிற நாலு பேருக்கும் வரவில்லை என்பதை மற்றவர்கள் கவனித்தார்கள். வகுப்பு மெல்ல அடங்கியது.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்த அதே பையன், ‘37 வராது மிஸ்’ என்றான்.

‘ஏன் கண்ணு வராது?’

‘தெரியலீங்க மிஸ். ஆனா வராது.’

‘சரி சாமி, யோசி. அவசரமில்ல’ என்று நகர்ந்துவிட்டேன். அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது எனக்குப் பெரும்பாடு. ஒற்றை எண், இரட்டை எண் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்துவிடும். விடை என்னுடையதாகிவிடும். அதற்கு முந்தின இரண்டு வாரமும் அந்தத் தப்பைச் செய்திருந்தேன். ஆசிரியர் குறிப்பில் பிள்ளைகளிடம் என்ன கவனிக்கிறாய் என்று கேளுங்கள் என்றுதான் இருக்கும். விடையைச் சொல்லுங்கள் என்று எங்கும் இருக்காது.

பையன் புளியங்கொட்டை டப்பாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஐந்து கொட்டையை எடுத்து ரெண்டு ரெண்டாக வைத்தான். ஒன்று தனியாக நின்றது. ஏழை வைத்தான், ஒன்று தனியாக நின்றது. மூன்றை வைத்தான். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: ‘ஒத்தையா ரெட்டையா ஆடற மாதிரிங்க மிஸ். நாலு பையிலயும் ஒத்தைதான் இருக்குது. எதை எடுத்தாலும் ஒரு கொட்டை தனியா நிக்கும். பத்து எடுத்தா பத்து தனி நிக்கும். அந்தப் பத்தும் அதுக்குள்ளயே ஜோடி சேந்துக்கும். அப்பறம் ஒத்தை எங்கிருந்து வரும்? 37 ஒத்தைங்க மிஸ்.’

கல்லூரியில் இதை நான் ஒரு வரி நிரூபணமாகப் படித்தேன். இவன் தரையில் கொட்டையை வைத்து அதையே சொன்னான். ஒரு ஓட்டை இல்லை. முன் பெஞ்சுப் பெண் எழுந்து வந்து, ‘திருப்பிச் சொல்லுடா’ என்றாள். அவன் திருப்பிச் சொன்னான். அந்த வகுப்பில் யாரும் அவனிடம் எதையும் கேட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கணக்கு அதோடு நிற்கவில்லை. பத்துக்குப் பதில் ஒன்பது எண் எடுத்தால்? பதினொன்று எடுத்தால்? பத்து எண் எடுத்தால் எந்தெந்த மொத்தம் வரும்? எல்லாம் 1 என்றால் 10, எல்லாம் 7 என்றால் 70. இடையில் இருக்கிற இரட்டை எண் எல்லாமே வரும். எத்தனை மொத்தம் என்று எண்ணச் சொன்னேன். 31 வந்தது. வகுப்பிலும் 31 பேர்! ஆளுக்கு ஒரு மொத்தம் பிரித்துக் கொடுத்துவிட்டேன். 10 ஒருத்தருக்கு, 12 ஒருத்தருக்கு என்று 70 வரை. யாருக்கு எது என்பதை நான்தான் முடிவு செய்தேன். கொட்டை வைத்து எண்ணுகிறவர்களுக்குச் சின்ன மொத்தம் போனது. அது வெளியே யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் ஒரு எண், அவ்வளவுதான். சீக்கிரம் முடித்தவர்களிடம், உன் மொத்தத்தை எத்தனை விதமாகக் கொண்டுவரலாம் என்று கேட்டேன். அது சும்மா விளையாட்டில்லை, அவர்களை மதிய மணி அடிக்கும் வரை பிடித்து வைத்தது. அன்று ஒரே பாடத்தில் வேறு வேறு ஆழத்தில் 31 பேர் இருந்தார்கள். ஒரு நிறத் தாளும் தேவைப்படவில்லை.

தமிழ் இன்னும் பழகாத பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் ஆகஸ்டில் சேர்ந்தான். ‘உட்காரு’, ‘சாப்பாடு’ தவிர வேறு சொல் தெரியாது. நம் பாடநூலின் வாழ்வியல் கணக்கு நாலு வரித் தமிழில் இருக்கும். எண் தெரிந்தும் அவனால் அதைத் தொட முடியாது. அவனுக்காக ‘மேஜிக் வி’ எடுத்தேன். ஐந்து வட்டம், ஆங்கில வி எழுத்து மாதிரி. நான் அதைக் கோலப் புள்ளியாக வைத்துக் காட்டினேன். 1 முதல் 5 வரை எண்களை வட்டத்தில் போட வேண்டும், இரண்டு கையிலும் மூன்று மூன்று எண், இரண்டு பக்கமும் ஒரே மொத்தம். ஒன்றைத் தப்பாகப் போட்டுத் தலையாட்டினேன், ஒன்றைச் சரியாகப் போட்டுச் சிரித்தேன். விளக்கம் முடிந்தது. சொல்லே தேவையில்லை.

பையன் மளமளவென்று போட்டான். கீழே 1 வைத்து, பிறகு 3 வைத்து, பிறகு 5 வைத்து. 2 வைத்தபோது நின்றுவிட்டது. பலகைக்கு வந்து 2-ஐயும் 4-ஐயும் எழுதி இரண்டையும் பெரிதாக அடித்தான். கீழே இரட்டை எண் வராது என்பதை அந்தக் கோட்டிலேயே சொல்லிவிட்டான். ஐந்து எண்ணையும் கூட்டினால் 15. கீழே இருக்கிற எண் இரண்டு கைக்கும் பொது, அதனால் அதை இன்னொரு தடவை சேர்க்க வேண்டும். அந்த மொத்தம் இரண்டு சமபாகமாகப் பிரிய வேண்டும் என்றால் கீழே ஒற்றை எண் இருந்தால்தான் ஆகும். இதை அவனோடு உட்கார்ந்த உள்ளூர்ப் பெண் வாய்விட்டுச் சொன்னாள். அவன் அவள் வாயையே பார்த்து ‘ஒத்தை, ரெட்டை’ என்ற ரெண்டு சொல்லையும் அன்று கற்றுக்கொண்டான். அடுத்து 2 முதல் 6 வரை எண் கொடுத்தால் கீழே என்ன வரும் என்று நான் கேட்பதற்கு முன் அவனே போட்டுப் பார்த்திருந்தான். இப்போது கீழே இரட்டை எண்தான் வரும்.

எல்லாக் கணக்கையும் அப்படியே எடுக்க முடியாது. பல கணக்குகளில் பவுண்டும் பென்னியும் வரும். நம் பிள்ளைகள் பார்க்காத தின்பண்டமும் விளையாட்டும் வரும். ‘நோவா’ என்று ஒரு சின்னக் கணக்கு உண்டு. நோவா தன் பேழைக்குள் 12 கால்கள் போவதைப் பார்த்தார், எத்தனை உயிர்கள் போயிருக்கும்? நான் அதை எங்கள் ஊர்ச் சந்தைக்குக் கொண்டுவந்தேன். தட்டிக்குக் கீழே 12 கால் தெரிகிறது, அந்தப் பக்கம் ஆடு இருக்கிறதா, கோழி இருக்கிறதா? மூன்று ஆடு, ஆறு கோழி, ஒரு ஆடும் நாலு கோழியும், ரெண்டு ஆடும் ரெண்டு கோழியும். ஒருத்தி, ‘எட்டுக்கால் பூச்சியும் ஒரு ஆடும்’ என்றாள். வகுப்பே கைதட்டியது. முதல் பரீட்சையில் 35 என்று எழுதிய ஒன்பது பேரில் ஐந்து பேர் வாய்ப்பாடு சொல்லவே பயந்தவர்கள். நாலு நாலாக எண்ணுவது அன்று அவர்களுக்குத் தானாக வந்தது.

விளையாட்டுகள் தனிச் சிறப்பு. ‘ஸ்ட்ரைக் இட் அவுட்’டுக்கு 0 முதல் 20 வரை எழுதிய ஒரு எண்கோடு போதும். முதல் ஆள் இரண்டு எண்ணை அடித்து, அவற்றின் கூட்டலையோ வித்தியாசத்தையோ வட்டமிட வேண்டும். அடுத்த ஆள் அந்த வட்டமிட்ட எண்ணை அடித்து, இன்னொரு எண்ணையும் அடித்து, தன் விடையை வட்டமிட வேண்டும். எதிராளிக்கு நகர இடமில்லாமல் செய்கிறவர் ஜெயித்தார். கூட்டல் கழித்தலில் தடுமாறுகிற பிள்ளை இதில் நூறு கணக்குப் போடும். நன்றாக வருகிற பிள்ளை மூன்று அடி முன்னால் யோசிக்கும். ‘காட் இட்’ இன்னும் எளிது. ரெண்டு பேர் மாறி மாறி 1 முதல் 4 வரை ஏதாவது ஒரு எண்ணைச் சேர்த்துக்கொண்டே போய், 23-ஐத் தொடுகிறவர் ஜெயித்தார். 18-ல் கால் வைத்தவன் தோற்கமாட்டான் என்று இரண்டு நாளில் பிடித்துவிட்டார்கள். 13, 8, 3 என்று பின்னால் போக இன்னொரு நாள் ஆனது. ஒரு பெண் இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியோடு ஆடிவிட்டு வந்து, ‘அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க மிஸ். ஆனா என்னைத் தோக்கடிச்சிருச்சு’ என்றாள்.

அந்தப் பெண்ணின் அம்மா கம்பெனியில் பிசிர் வெட்டுகிறார், பீஸ் கணக்குதான் கூலி. இரவு அம்மா எண்ணிக்கை சொல்ல, இவள் மனதிலேயே கூலி போட்டுவிடுவாள். பீஸுக்கு முக்கால் ரூபாய் என்றால் 240 பீஸுக்கு 180 என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சொன்னாள். அதையே 240 பெருக்கல் 0.75 என்று பலகையில் எழுதினால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 2025-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் சொல்கிறது. பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் அதன் ஆசிரியர்களில் உண்டு. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் விற்கிற பிள்ளைகள் கடைக்கணக்கை மனதிலேயே சரியாகப் போடுகிறார்கள், பள்ளிப் புத்தகத்துக் கணக்கு என்று கொடுத்தால் திணறுகிறார்கள். கடைக்குப் போகாமல் பள்ளியில் மட்டும் படிக்கிற பிள்ளைகளுக்கு நேர்மாறு. என் வகுப்பில் அந்தப் பெண்ணைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. என்ரிச் கணக்குகளில் பல, வீட்டுக் கணக்கும் பள்ளிக் கணக்கும் சந்திக்கிற இடத்தில் இருக்கின்றன. விடையை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கும்போது அவள் வீட்டு வழியைத் தைரியமாகச் சொல்கிறாள். ‘240-ல பாதி 120, அதுல பாதி 60, ரெண்டையும் சேத்தா 180.’ அதைப் பலகையில் எழுதியபின் 0.75-ஐப் பார்த்து அவள் பயப்படவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை மொழி. தளம் முழுக்க ஆங்கிலம். கணக்கு சின்னதாக இருந்தாலும் ஆசிரியர் குறிப்பு நீளம். நான் ஒவ்வொன்றையும் படித்து, தமிழில் எழுதி, நம் ஊருக்கு மாற்றி, போட்டுப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அதனால் வாரத்துக்கு ஒன்றுதான் எடுக்கிறேன், செவ்வாய்க்கிழமை மட்டும். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். கணக்கின் நிபந்தனையே மாறிப்போகிற அளவுக்குச் சில இடங்களில் தப்பு வந்தது. அதை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள்.

இரண்டாவது, குவியல். அவ்வளவு கணக்குகளில் எதைத் தொடுவது என்று தெரியாமல் முதல் மாதம் திண்டாடினேன். நட்சத்திரத்தை நம்பி எடுத்தாலும் சரிப்படாது. அந்த நட்சத்திரம் அவர்கள் நாட்டு வகுப்புக்கு வைத்தது. ஒரு நட்சத்திரக் கணக்கில் ஆங்கிலச் சொல் விளையாட்டு இருந்தால் நமக்கு மூன்று நட்சத்திரம். மூன்று நட்சத்திரக் கணக்கில் எண் மட்டும் இருந்தால் நம் பிள்ளைகள் ஊதித் தள்ளுகிறார்கள். நம் சமச்சீர் பாடநூலின் இயலோடு எது பொருந்தும் என்பதையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். காரணிகள், மடங்குகள், சுற்றளவு, பரப்பளவு, அமைப்பு முறைகள் இவற்றுக்கு நிறையக் கிடைக்கும். பாடக்குறிப்பில் இயலின் பெயரைப் போட்டு, செயல்பாடு என்ற இடத்தில் இதை எழுதிவிடுகிறேன். பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் வகுப்பிலேயே உட்கார்ந்து ‘காட் இட்’ ஆடிவிட்டுத்தான் போனார்.

மூன்றாவது குறை தளத்துடையது இல்லை, நம் எதிர்பார்ப்புடையது. 35 என்று எழுதிய அந்த ஒன்பது பேருக்கு இது மட்டும் போதாது. இடமதிப்பு புரியாத பிள்ளைக்குத் தீக்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் கடன் வாங்குவதைக் கையால் செய்ய வைத்தே ஆக வேண்டும். அதை நான் காலை வழிபாட்டுக்கு முன் இருபது நிமிடம் தனியாகச் செய்தேன். என்ரிச் செய்தது வேறு. தீக்குச்சியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் செவ்வாய்க்கிழமை வகுப்பில் சொல்ல ஒரு கருத்து இருந்தது. அது இல்லாமல் தீக்குச்சி மட்டும் இருந்திருந்தால் பாதிப் பேர் காலையில் வந்திருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மார்ச்சில் அதே பரீட்சையைத் திரும்ப வைத்தபோது ஒன்பதில் ஏழு பேர் 25 என்று எழுதினார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவன் பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தான். இன்னொரு பிள்ளைக்குக் கண் பார்வையில் கோளாறு என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள்.

செலவு என்று பார்த்தால் என் போன் டேட்டா மட்டும்தான். அச்செடுக்கத் தேவையே இல்லை, எல்லாவற்றையும் பலகையில் வரைந்துவிடலாம். திரையில் நகர்த்தி ஆடுகிற கணக்குகள் சில உண்டு. அவை போனில் சின்னதாகத் தெரிகின்றன, பெரிய திரை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் புளியங்கொட்டையும் சாக்பீஸும் அந்த வேலையைச் செய்துவிடும். உலகத்தில் பல பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் எழுதி அனுப்பிய விடைகளைத் தளத்தில் போடுகிறார்கள். அதை ஒருநாள் வகுப்பில் படித்துக் காட்டினேன். வேறு ஏதோ நாட்டுப் பிள்ளை எழுதிய வழியைக் கேட்டுவிட்டு, ‘நம்ம கொட்டை வழி இதைவிட நல்லாருக்குதுங்க மிஸ்’ என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

யார் எடுக்கலாம்? ஒரே வகுப்பில் மூன்று நாலு நிலையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிற எல்லோரும். இல்லம் தேடிக் கல்வி மையத்தில் மாலையில் பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஆங்கிலம் தட்டுத் தடுமாறி வாசிக்கத் தெரிந்தால் போதும். முதலில் ‘மேக் 37’, ‘மேஜிக் வி’, ‘ஸ்ட்ரைக் இட் அவுட்’ இந்த மூன்றோடு ஆரம்பியுங்கள். வகுப்புக்குப் போகுமுன் நீங்களே ஒருமுறை பென்சிலோடு போட்டுப் பாருங்கள். விடை தெரிந்த பிள்ளை கத்திவிட்டால் மற்றவர்களுக்கு வாய்ப்பு போய்விடும். ‘கண்டுபிடிச்சவங்க காதுல வந்து சொல்லுங்க’ என்பதை முதலிலேயே சட்டமாக்கிவிடுங்கள். இருபது நிமிடம் யாருக்கும் விடை வராவிட்டாலும் பதறாதீர்கள்.

இந்த ஜூனில் அந்தப் பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள், இரண்டு பேர் ஊருக்குத் திரும்பியது போக. அடுத்து அடுத்து வரும் எண்களைக் கூட்டுகிற கணக்கை இப்போது எடுத்திருக்கிறேன். 9-ஐ 4+5 என்றும் எழுதலாம், 2+3+4 என்றும் எழுதலாம். 8-ஐ எப்படியும் எழுத முடியாது. 16-ம் வராது என்பது வரை வந்திருக்கிறார்கள். 32 வருமா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

இதுவரை 26 கணக்குகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் கொண்டுவருகிறேன். அங்கே வருகிறவர்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் இருக்கிற கொட்டைப் படம் அந்தப் பையன் வரைந்தது, அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.